எந்தப் புத்தகம் என்று பிள்ளை சொல்லட்டும்

வணக்கம் நேயர்களே.

நூலகத்தில் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி, "என் பிள்ளைக்கு மூணு வயசு, எந்தப் புத்தகம் கொடுத்தா நல்லது?" என்பதுதான். அந்தப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்பதால் நானும் இதற்கு நிறையப் பதில் சொல்லியிருக்கிறேன். கேட்கிறவரின் அக்கறை புரிகிறது. ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, பெரும்பாலும், அந்த மூன்று வயதுப் பிள்ளை தரையில் உட்கார்ந்து ஏதோ ஒரு புத்தகத்தை இழுத்துப் போட்டுப் புரட்டத் தொடங்கியிருக்கும். அந்தப் புத்தகத்தையே எடுத்துப் போங்கள் என்பேன்.

"அதுல வெறும் லாரிப் படமா இருக்கே, கதையே இல்லையே" என்பார்கள். இருக்கட்டும். லாரி பிடித்த பிள்ளைக்கு லாரிப் புத்தகம்தான் நல்ல புத்தகம். சின்னப் பிள்ளைகளோடு புத்தகம் படிப்பது இரண்டு தரப்புக்கும் சந்தோஷமாக இருக்க வேண்டுமென்றால், தேர்ந்தெடுக்கும் உரிமையை முதலில் பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும். இன்றைக்கு நான் உங்களோடு பேச வந்தது இதைப் பற்றித்தான். அந்த உரிமையைக் கொடுப்பதற்கு நூலகத்தைப் போல வசதியான இடம் வேறு கிடையாது.

காசு கொடுத்து வாங்குகிற புத்தகம் என்றால் யோசிப்போம். வயதுக்குத் தகுந்ததா, இதில் எதையாவது கற்றுக்கொள்வானா, நாலு நாளில் மூலையில் கிடக்குமா என்றெல்லாம் பார்ப்போம். அது நியாயம்தான். ஆனால் அந்த யோசனையில் பிள்ளையின் ஆசை பின்னுக்குப் போய்விடுகிறது. நூலகத்தில் அந்தக் கவலையே வேண்டாம். ஐந்து புத்தகம் எடுத்து வந்து நான்கு பிடிக்காமல் போனாலும் நட்டமில்லை. இரண்டு பக்கத்தில் அலுத்துப்போனால் மூடி வைத்துவிடலாம். திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடுக்கலாம். இப்படி எடுத்தும் விட்டும் பார்க்கிற பிள்ளைக்குத்தான் தனக்கு எது பிடிக்கிறது என்பது மெல்லத் தெரியவரும். உங்களுக்கும் ஆசை இருக்குமே, அதை ஏன் விட வேண்டும்? பிள்ளை மூன்று எடுத்தால் நீங்கள் ஒன்று எடுங்கள். உங்களுக்குப் பிடித்ததை நீங்கள் ரசித்துப் படிப்பதையும் பிள்ளை பார்க்கட்டும்.

எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் எழுதி வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலகத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் படித்திருப்பார்கள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. பாடமாகப் படித்தபோது இந்த மூன்றாவது விதி எனக்குள் அவ்வளவாக இறங்கவில்லை. பிள்ளைகள் நடுவில் வந்த பிறகுதான் அதன் அழகு தெரிந்தது. வெகுநாள் யாருமே தொடாமல் இருந்த ஒரு பூச்சிகள் புத்தகம். ஒருநாள் ஒரு சிறுவன் கையில் அகப்பட்டது. அதற்கப்புறம் அவன் வந்தால் நேராக அந்தப் பெட்டிக்குத்தான் போவான். நாங்கள் யாரும் அவனுக்கு அதைச் சிபாரிசு செய்யவில்லை. அவன் கைக்கு எட்டும் உயரத்தில் அது இருந்தது, அவ்வளவுதான்.

கைக்கு எட்டுவது சாதாரண விஷயமில்லை. 19-ஆம் நூற்றாண்டில் பல பொது நூலகங்களில் சிறு பிள்ளைகளுக்கு அனுமதியே கிடையாது. அந்த நிலையை மாற்றப் பாடுபட்டவர்களில் ஆன் கரோல் மூர் என்ற அமெரிக்கப் பெண்மணியை நான் நன்றியோடு நினைத்துக்கொள்வேன். 1906-இல் நியூயார்க் பொது நூலகத்தில் குழந்தைகள் பிரிவின் பொறுப்புக்கு வந்த அவர், கிளை நூலகங்களில் வயது வரம்பை நீக்கினார். சுவரில் இருந்த 'அமைதி' பலகைகளை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் குழந்தைப் புத்தக ஓவியர்களின் படங்களை மாட்டினார். புத்தகத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்று ஒரு பதிவேட்டில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுபோகலாம். பிள்ளையை நம்பி ஒரு பொருளை ஒப்படைப்பது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய காரியம்!

இன்றைக்கு நல்ல குழந்தைகள் பிரிவுகளில் படப் புத்தகங்களை அலமாரியில் முதுகு மட்டும் தெரியும்படி அடுக்குவதில்லை. எழுத்துத் தெரியாத பிள்ளைக்குப் புத்தகத்தின் முதுகைப் பார்த்து என்ன தெரியும்? அதனால் தாழ்வான பெட்டிகளில், அட்டைப்படம் முன்னால் தெரியும்படி வைக்கிறார்கள். பிள்ளை நின்றபடியே ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்க்கும். உங்கள் வீட்டில் நாலைந்து புத்தகம்தான் இருக்கிறது என்றாலும் இதைச் செய்யலாம். மேலே அலமாரியில் பத்திரப்படுத்தாமல், தரையை ஒட்டி, முகப்பு தெரிகிற மாதிரி வையுங்கள். தானாகவே எடுத்துக்கொண்டு வந்து உங்கள் மடியில் ஏறும்.

சரி, எந்த வயதில் தொடங்குவது? பிறந்ததிலிருந்தே தொடங்கலாம். குரலைக் கேட்பது அதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. டிகாஸ்பர், ஸ்பென்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1986-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரங்களில் தாய்மார்கள் ஒரு குறிப்பிட்ட கதைப்பகுதியை நாள்தோறும் உரக்கப் படித்தார்கள். பிறந்த குழந்தைகள், கேட்டிராத வேறு பகுதியைவிட அந்தப் பழகிய பகுதியையே கேட்க விரும்பின. அதன் பொருள் குழந்தைக்கு விளங்கியிருக்காது. ஏற்ற இறக்கமும் ஓட்டமும் மனதில் பதிந்திருக்கின்றன. அதனால் பச்சைக் குழந்தைக்கு என்ன படிப்பது என்று குழம்ப வேண்டாம். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் நாவலையே கொஞ்சம் உரக்கப் படித்தாலும் போதும். படம் காட்டுவதானால் முகத்திலிருந்து 20, 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடியுங்கள். பிறந்த குழந்தைக்கு அந்தத் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். கறுப்பு வெள்ளைப் படங்களும் அழுத்தமான கோடுகளும் சீக்கிரம் கண்ணில் படும்.

கொஞ்சம் வளர்ந்ததும் புத்தகத்தை வாயில் வைக்கும். வைக்கட்டும். அந்த வயதுக்கு எந்தப் பொருளையும் தெரிந்துகொள்ளும் வழி வாய்தான். தடித்த அட்டையில் செய்த புத்தகங்களும் துணிப் புத்தகங்களும் இதற்காகவே இருக்கின்றன. புத்தகம் கிழிந்துவிடும் என்ற பயத்தில் நூலகத்துக்கே வராத பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகச் சொல்கிறேன்: கிழிந்தால் கொண்டுவந்து சொல்லுங்கள். குழந்தைகள் பிரிவில் புத்தகம் நைந்துபோவதும் ஒட்டுவதும் அன்றாட வேலை. வீட்டில் நீங்களே ஒட்டாதீர்கள், அது ஒன்றுதான் என் வேண்டுகோள். சாதாரண ஒட்டுநாடா நாளடைவில் மஞ்சளாகிப் பக்கத்தைக் கெடுத்துவிடும்.

இப்போது படிக்கிற விதத்துக்கு வருகிறேன். இதில்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். பெரியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் பக்கத்தில் தொடங்கினால் கடைசிப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும், நடுவில் பிள்ளை பேசினால் இடைஞ்சல் என்று நினைப்போம். சின்னப் பிள்ளையோடு படிக்கும்போது அந்தப் பேச்சுதான் முக்கியம். ஒரு படத்தில் மழையில் ஒரு நாய்க்குட்டி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "இது என்ன?" என்று மட்டும் கேட்டால் "நாய்" என்று பதில் வரும், அத்தோடு முடிந்தது. "நாய்க்குட்டி என்ன பண்ணுது?" என்று கேளுங்கள். "மழை" என்று சொல்லக்கூடும். "ஆமா, மழையில நனைஞ்சுக்கிட்டே ஓடுது. எங்க ஓடுதாம்?" கொஞ்சம் பொறுங்கள். பிள்ளை யோசிக்கும். "அம்மாகிட்ட." புத்தகத்தில் அம்மா நாய் எங்குமே இருக்காது. அந்தக் கதையைப் பிள்ளை சொல்கிறது. பிள்ளை ஒரு சொல் சொன்னால் நீங்கள் அதை ஒரு வாக்கியமாக்கித் திருப்பிச் சொல்கிறீர்கள். அடுத்த முறை அந்த வாக்கியத்தில் பாதியாவது பிள்ளை வாயில் வரும்.

க்ரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இதைத்தான் சோதித்துப் பார்த்தார்கள். 1988-இல் வந்த ஆய்வு அது. இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகளின் பெற்றோரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். இரு பிரிவினரும் வீட்டில் ஏறக்குறைய ஒரே அளவுதான் படித்தார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும், இப்படி விரிவான பதில் வரும்படி கேட்பதற்கும் பிள்ளை சொன்னதை விரித்துச் சொல்வதற்கும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் பேச்சில் முந்தியிருந்தார்கள். பெற்றோர் அதிக நேரம் செலவழிக்கவில்லை என்பதை வேலைக்குப் போய்க் களைத்து வரும் அம்மா அப்பாக்கள் கவனிக்க வேண்டும். பத்து நிமிடம் போதும்.

ஒரு எச்சரிக்கை. கேள்வி கேட்கச் சொன்னேன் என்பதற்காகப் பக்கத்துக்குப் பக்கம் தேர்வு நடத்திவிடாதீர்கள். "இது என்ன கலர்? எத்தனை பூ இருக்கு? எண்ணு பார்க்கலாம்" என்று தொடர்ந்தால் எந்தப் பிள்ளையும் எழுந்து ஓடும். ஓடினால் விட்டுவிடுங்கள். சில பிள்ளைகள் அறையைச் சுற்றிக்கொண்டேதான் கதை கேட்பார்கள். நூலகக் கதை நேரத்தில் இதை நிறையப் பார்க்கலாம். பின்னால் உருண்டுகொண்டிருந்த பிள்ளை, கதையில் ஒரு வரியை மாற்றிச் சொன்னால் உடனே "அப்படி இல்ல!" என்று குரல் கொடுக்கும்.

அதே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறதே என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. தவணைத் தேதி வந்து திருப்பிக் கொடுத்தால், மறுபடியும் அதுவே வேண்டும் என்று அழும். கொடுத்துவிடுங்கள். ஜெசிகா ஹார்ஸ்ட் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 2011-இல் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் பார்த்தது இது: வெவ்வேறு கதைகளில் புதுச் சொற்களைக் கேட்ட பிள்ளைகளைவிட, ஒரே கதையைத் திரும்பக் கேட்ட பிள்ளைகள் அதே சொற்களை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். கேட்ட எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றுதான். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் பிள்ளையின் கவனம் சொல்லின் மேல் போக இடம் கிடைக்கிறது.

எழுத்து எப்போது சொல்லிக்கொடுப்பது என்பது அடுத்த கவலை. இதில் என் கருத்து உறுதியானது: அவசரம் வேண்டாம், முதலில் காது பழகட்டும். கல், பல், நெல் என்று ஒரே ஓசையில் முடியும் சொற்களைச் சொல்லி விளையாடுங்கள். பட்டம், பந்து, படகு என்று ஒரே எழுத்தில் தொடங்குவனவற்றைத் தேடுங்கள். சொல்லுக்குள் ஒலிகள் இருக்கின்றன, அவற்றைப் பிரிக்கலாம், மாற்றலாம் என்று காதுக்குத் தெரிந்த பிள்ளைக்கு, பின்னால் அந்த ஒலிக்குரிய எழுத்தைக் காட்டும்போது சட்டென்று பிடிபடும். படிக்கும்போது அவ்வப்போது வரியின் கீழே விரலை ஓட்டுங்கள், அது போதும். இல்லையென்றால் பிள்ளையின் கண் முழுக்கப் படத்தில்தான் இருக்கும்.

கைப்பேசியில் கதை சொல்லும் காணொளிகள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். பாட்ரிசியா கூல் என்ற அறிவியலாளர் 2003-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து புத்தகம் படித்துக் காட்டினார்கள், பொம்மை வைத்து விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள் பேசியதைத் திரையில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. கைக்குழந்தைக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். அதன் பார்வை போகும் இடத்தைக் கவனித்து, அதற்குத் தகுந்தபடி பேசுகிற ஆள்.

அந்த ஆளுக்கு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் பள்ளிக்கூடம் போகாத பாட்டி தாத்தாக்களும் இருப்பீர்கள். உங்களைத்தான் நான் நூலகத்துக்கு முக்கியமாக அழைக்கிறேன். எழுத்தே இல்லாத படப் புத்தகங்கள் உண்டு. முழுக் கதையும் படங்களில்தான் நடக்கும். கேட்டால் எடுத்துத் தருவார்கள். நீங்கள் ஒரு கதை சொல்லுங்கள், பேத்தி வேறொரு கதை சொல்லட்டும். எழுத்துள்ள புத்தகமாக இருந்தாலும் படத்தைப் பார்த்து உங்கள் சொந்தச் சொற்களில் சொல்லலாம். நீளமான கதையை எழுத்துத் தெரிந்தவர்களே அப்படித்தான் சுருக்கிச் சொல்கிறார்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஆறு, ஏழு வயதில் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியதும், "இனி நீயே படி" என்று பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அந்த வயதில் பிள்ளைக்குக் காதால் கேட்டுப் புரிகிற கதை பெரியது. கண்ணால் படிக்க முடிகிற கதை மிகச் சின்னது. இந்த இடைவெளி நிறைய நாள் இருக்கும். "பூனை ஓடியது, எலி ஓடியது" என்று மட்டுமே தானாகப் படிக்க முடிகிற பிள்ளை, நீங்கள் படித்தால் காட்டையும் கடலையும் கடந்து போகும் நீண்ட கதையைத் தினம் ஒரு அத்தியாயமாகக் கேட்கத் தயாராக இருக்கிறது. ஆகையால் நிறுத்தாதீர்கள். ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான் என்று முறை வைத்துப் படியுங்கள். களைப்பாக இருக்கும் நாளில் ஒரு வரி நீ, மீதி நான். எந்தப் புத்தகம் என்பதை அப்போதும் பிள்ளையே சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.