சூட்டுக்கோலும் ஒரு குழியும்

நண்பர்களே, ஹோவர்ட் ஹாக்ஸின் 'ரெட் ரிவர்' படத்தை இப்போதுதான் பார்த்து முடித்தோம். 1948-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். எல்லோரும் கடைசிச் சண்டையைப் பற்றிப் பேசுவார்கள். நான் தொடக்கத்தில் வருகிற ஒரு சின்னக் காட்சியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஜான் வெய்ன் நடித்த டன்சன் டெக்சாஸ் புல்வெளியில் வந்து நிற்கிறார். ஒரு காளை, ஒரு பசு, அவ்வளவுதான் சொத்து. கூடவே மேட் என்கிற சிறுவனும் ஒரு கிழவரும். இந்த நிலம் டான் டியேகோவுடையது, ஸ்பெயின் அரசர் கொடுத்தது என்று இரண்டு குதிரைக்காரர்கள் வந்து சொல்கிறார்கள். டியேகோவோ 400 மைல் தெற்கே இருக்கிறார். முன்னால் இருந்தவர்களிடமிருந்து நீங்கள் பறித்தீர்கள், இப்போது நான் உங்களிடமிருந்து பறிக்கிறேன் என்கிறார் டன்சன். துப்பாக்கி வெடிக்கிறது. ஒருவன் விழுகிறான். அப்புறம் அவனைக் குழியில் போட்டு, பைபிளும் வாசிக்கிறார்.

அதே மண்ணில்தான் மாட்டுக்குச் சூடு போடுகிறார்கள். ஆற்றைப் போல இரண்டு அலைக்கோடு, பக்கத்தில் டன்சனின் 'டி'. என் 'எம்' எங்கே என்று சிறுவன் கேட்கிறான். அதற்கு நீ தகுதியாகும்போது சேர்க்கிறேன் என்று பதில் வருகிறது.

பதினான்கு ஆண்டு கழித்து மாடுகள் பெருகிக் கிடக்கின்றன. ஆனால் உள்நாட்டுப் போர் முடிந்த தெற்கில் வாங்க ஆளில்லை. வடக்கே ரயிலடிக்கு ஓட்டிப் போனால்தான் காசு. கிளம்பும் முன் பக்கத்துப் பண்ணைக்காரர் மீக்கரின் மாடுகள் மேலும் தன் சூட்டையே போடச் சொல்கிறார் டன்சன். நிலத்தை எடுத்த கை மாட்டை மட்டும் விட்டுவைக்குமா?

வழியில் ஒருவன் சர்க்கரை திருடப் போய்ப் பாத்திரம் உருள, மந்தை மிரண்டு ஓடுகிறது. மனைவிக்குச் சிவப்புக் காலணி வாங்க ஆசைப்பட்டவன் அதில் செத்துப்போகிறான். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். திருடியவனைச் சாட்டையால் அடிக்கப் போகும் டன்சன் முன்னால் மேட் முதல்முறையாகக் குறுக்கே நிற்கிறான். மேட்டாக நடித்த மான்ட்கமரி கிளிஃப்ட் படப்பிடிப்பில் நின்ற முதல் படம் இது. கண்ணை மட்டும் வைத்தே வெய்னுக்கு ஈடு கொடுக்கிறார்.

படத்தில் மந்தை போய்ச் சேரும் கன்சாஸ் ரயிலடி ஊரான அபிலீனிலிருந்து மாடுகள் ரயிலேறியது உண்மையில் 1867-இல். படம் இரண்டு ஆண்டு முந்திவிட்டது. சரி, அது பெரிய குறையில்லை.

முடிவில், மேட்டோடு நடந்த அந்தக் கடைசிச் சண்டைக்குப் பிறகு, டன்சன் புழுதியில் விரலால் கோடு இழுத்து 'எம்' சேர்க்கிறார். அரங்கில் கை தட்டினீர்கள். என்னால் தட்ட முடியவில்லை. அந்தக் குதிரைக்காரனைப் புதைத்த குழிதான் கண்ணில் நின்றது.