பேரன் காட்டும் மீமுக்கு எனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை? – நேயர் கேள்விக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அனுப்பிய கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். "பேரன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி விழுந்து விழுந்து சிரிக்கிறான். படத்தில் இருப்பவர் வடிவேலு என்பது எனக்குத் தெரியும்; அந்தத் திரைப்படத்தையும் பார்த்திருக்கிறேன்; ஆனாலும் சிரிப்பு வரவில்லை. அவன் விளக்கினாலோ, வரவிருந்த சிரிப்பும் போய்விடுகிறது. இதை நகைச்சுவை என்று எப்படி ஏற்பது? ஊடகக் கோட்பாட்டில் இதற்கு விடை உண்டா?" என்று அவர் கேட்டிருக்கிறார். பத்து நாள்களாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. விளக்கினால் சிரிப்புப் போய்விடுகிறது என்று எழுதிய இடத்தில், ஐயா அவர்கள் விடையில் பாதியையும் சேர்த்தே எழுதிவிட்டார்.

'மீம்' என்ற சொல்லை 1976-இல் ஆக்கியவர் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ். மெட்டும் உடை நாகரிகமும் பானை வனையும் முறையும் ஒருவர் மனத்திலிருந்து இன்னொருவர் மனத்துக்குத் தாவிப் பரவுவதைக் குறிக்கவே அவர் அதைப் பயன்படுத்தினார். சிரிப்புக்கும் அதற்கும் அன்று தொடர்பில்லை. இணைய மீமைப் பற்றி நமக்குப் பயன்படும் விளக்கத்தை 2013-இல் தந்தவர் ஊடக ஆய்வாளர் லிமோர் ஷிஃப்மன். மீம் என்பது தனிப்படம் அன்று, ஒன்றையொன்று அறிந்தே ஆக்கப்பட்ட பல படங்களின் கூட்டம் என்பது அவருடைய கருத்து.

என் தாய்மாமன் பவானியில் குழித்தறியில் ஜமக்காளம் நெய்தவர் என்பதைப் பழைய நேயர்கள் கேட்டுச் சலித்திருப்பீர்கள். இருந்தாலும் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. பாவு, அதாவது நீளவாக்கில் கட்டும் நூல், தறியில் ஏறிய பிறகு மாறுவதில்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறிக்கொண்டே போவது குறுக்கே ஓடும் ஊடுநூல்தான். நெய்து முடித்த ஜமக்காளத்தை விரித்தால் ஊடுநூலின் பட்டைகள் மட்டுமே கண்ணில் படும்; பாவு அதற்குள் ஒளிந்துகொள்ளும். வாசகம் மாறினாலும் மாறாமல் நிற்கும் படத்தை இளைஞர்கள் டெம்ப்ளேட் என்கிறார்கள்; அதுதான் மீமின் பாவு. பேரன் அதே படத்தை வெவ்வேறு வாசகங்களோடு இதற்குமுன் நூறு முறை பார்த்தவன். ஐயாவோ நூற்றோராவதை மட்டும் பார்க்கிறார். திரைப்படத்தைப் பார்த்திருப்பது போதாது. அந்த நூறையும் பார்த்திருக்க வேண்டும்.

2019 மே மாத இறுதியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பாகிஸ்தானிலிருந்து நடத்தப்பட்ட சிவில் இன்ஜினீயரிங் தொடர்பான ஃபேஸ்புக் பக்கம் ஒன்று, ஒரு சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், பெயிண்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலையை அவருடைய அண்ணன் மகன் இதைக் கொண்டுதான் உடைத்தான் என்றும் எழுதிவைத்தார். 2001-இல் வெளியான 'ஃப்ரண்ட்ஸ்' திரைப்படத்தில் வடிவேலு நேசமணியாக வரும் காட்சி அது. இன்னொருவர் சிறிதும் சிரிக்காமல், இப்போது அவர் நலமாக இருக்கிறாரா என்று கேட்டார். அவ்வளவுதான், மத்தியில் புதிய அமைச்சரவை பதவியேற்கவிருந்த நேரத்தில், நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொன்ன ஹேஷ்டேக் ட்விட்டரில் முன்னணிக்கு வந்துவிட்டது. யார் இந்த நேசமணி என்று வெளிமாநிலத்தவர் உண்மையாகவே விசாரித்தார்கள். அந்த விசாரிப்பையும் நம்மவர்கள் நகைச்சுவைக்குள் இழுத்துக்கொண்டார்கள். பதினெட்டு ஆண்டுகளாகத் தமிழர் மனத்தில் ஏறியிருந்த பாவு அது. பாவு இல்லாதவருக்கு அங்கே ஒரு சுத்தியல் மட்டுமே தெரிந்தது.

ஊடகக் கோட்பாட்டாளர் மார்ஷல் மெக்லூஹனைப் பற்றி நாம் முன்பே பேசியிருக்கிறோம். 1964-இல் அவர் ஊடகங்களைச் சூடானவை, குளிர்ந்தவை என்று பிரித்தபோது, எல்லா விவரத்தையும் தானே தந்துவிடும் புகைப்படத்தைச் சூடானது என்றும், பார்ப்பவர் இட்டு நிரப்ப வேண்டிய கேலிச்சித்திரத்தைக் குளிர்ந்தது என்றும் வகைப்படுத்தினார். திரைப்படத்தின் ஒரு கணத்தை வெட்டியெடுத்து, ஒலியை நீக்கி, தெளிவு மங்கும்வரை பலர் கைமாற்றிய பிறகு அந்தப் படம் குளிர்ந்துவிடுகிறது என்பது என் கருத்து. அதை நிரப்புவது நம் வேலை. அந்த நிரப்புதலில்தான் சிரிப்பு பிறக்கிறது. பேரன் விளக்கும்போது ஐயாவுக்கு உரிய வேலையை அவனே செய்து முடித்துவிடுகிறான்.

இதில் நம் கொங்கு நாட்டுக் குசும்புக்கும் ஓர் இடம் உண்டு. ஒருமுறை சத்தியமங்கலத்தில் பேருந்துக்கு நின்றபோது, "இது ஈரோடு போகுமுங்களா?" என்று ஒருவர் கேட்க, நடத்துநர் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், "நீங்க ஏறுனாலும் போகுமுங்க, ஏறாட்டியும் போகுமுங்க" என்றார். அந்த 'ங்க'வில் மரியாதையும் கேலியும் ஒன்றாக இருந்தன. இதையே குறுஞ்செய்தியாக அனுப்பினால் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள், ஏனென்றால் எழுத்தில் முகமும் குரலும் இல்லை. எழுத்து பறித்துக்கொண்ட முகத்தை மீம் திருப்பித் தருகிறது. நாம் அனுப்பும் கேலிக்கு வடிவேலு தம் முகத்தைக் கடனாகக் கொடுக்கிறார்.

வால்டர் ஆங் என்ற அறிஞர், மின்னணு ஊடகங்கள் கொண்டுவந்த புதிய வாய்மொழி நிலையை 'இரண்டாம் வாய்மொழி' என்று குறித்தார். எனக்கு அது, உடுக்கை அடித்துக் கதை பாடும் உடுக்கடிப் பாட்டைத்தான் நினைவூட்டுகிறது. பொன்னரும் சங்கரும் மாளப்போகிறார்கள் என்பது தெரிந்தேதான் நம் பாட்டிமார் அண்ணன்மார் கதையை இரவிரவாகக் கேட்டார்கள்; தெரிந்த இடத்தைப் பாடகர் இன்றைக்கு எப்படித் திருப்புகிறார் என்பதில்தான் அவர்களுக்குச் சுவை. ஐயா அவர்கள் அந்தக் கூட்டத்தில் அமர்ந்திருந்தால் ஒருவரும் அவருக்கு விளக்கியிருக்க வேண்டாம்.

உண்மையில், தினமும் வரும் காலை வணக்கப் படங்கள் மீமா என்று அவர் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சியாக இருந்திருக்கும். மாற்றமின்றிக் கைமாறுவது வெறும் பரவல். மாற்றிக் கைமாறுவதே மீம் என்பது ஷிஃப்மன் காட்டும் வேறுபாடு. தாராபுரத்தில் இருக்கும் என் பெரியம்மா, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் காலை ஐந்தரைக்கு ஒரே ரோஜாப்பூவை அனுப்புவார். ஒரு நாள் என் தங்கை மகன் அதன் கீழே, "பால்காரர் இன்னும் வரலீங்க" என்று ஒரு வரியைச் சேர்த்துத் திருப்பி அனுப்பினான். பெரியம்மா வருத்தப்படுவார் என்று நாங்கள் பயந்தோம். மறுநாள் ஐந்தரைக்கு அதே ரோஜா வந்தது. கீழே, "வந்துட்டாருங்க, தண்ணிதான் சாஸ்தி" என்று இருந்தது. இப்போது அந்தக் குழுவில் ரோஜா வந்தாலே எங்களுக்குச் சிரிப்பு வருகிறது. அண்மையில் வீட்டுக்கு வந்த மருமகளுக்கு மட்டும் அது இன்னமும் வெறும் ரோஜாதான்.