மாத்திரை போட்டாயா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய் உள்ளவர் இருக்கும் வீட்டில் ஓயாமல் கேட்கும் கேள்வி, "மாத்திரை போட்டாயா?" என்பது. கேட்கத்தான் வேண்டும். குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தியதால் நோய் திரும்பியவர்கள் ஏராளம். எந்தக் குரலில் கேட்கிறோம் என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1950களின் இறுதியில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்களைவிட, வாடகை அறையில் தங்கியவர்களுக்கு நோய் குறைவாகவே திரும்பியிருந்தது. பெற்றவர்களுக்கு இதைக் கேட்க வலிக்கும். ஆனால் பாசம் நோயைத் தருவதில்லை. குத்திக்காட்டுவது, வெறுத்துப் பேசுவது, வளர்ந்த பிள்ளையைக் கைக்குழந்தைபோலப் பொத்திப் பொத்தி வைப்பது, இவை மூன்றுமே மீண்டு வருபவரின் மனத்தை நெருக்குகின்றன என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின.

நான் போய்வரும் ஒரு வீடு. மகனுக்கு இருபத்தேழு வயது. பத்து மணி வரை படுக்கை, இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் குளியல். "தண்டச்சோறு" என்பார் அப்பா. பிறர் காதில் விழாத குரல்களை மாத்திரை அடக்கியிருந்தது. எழுந்து ஒரு வேலையைத் தொடங்கும் முனைப்பை நோய் உறிஞ்சியிருந்தது. அது சோம்பல் அல்ல, நோயின் இன்னொரு முகம் என்று விளங்கவைக்க எனக்கு நான்கு சந்திப்புகள் பிடித்தன. இப்போது இருவரும் சேர்ந்து பால் வாங்கப் போகிறார்கள். அப்பா வழியில் அதிகம் பேசுவதில்லை. அவருக்கு அதுவே பெரிய சாதனை!

அம்மா வேறொன்று செய்தார். மகன் தூங்காத இரவுகளை நாள்காட்டித் தாளில் பென்சிலால் சுழித்துவைத்தார். கார்த்திகையில் அடுத்தடுத்து மூன்று சுழி. சாப்பாட்டையும் முகர்ந்து பார்க்கத் தொடங்கியிருந்தான். மறுநாளே மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். மருந்தின் அளவு மாறியது, அந்த முறை மருத்துவமனையில் சேர்க்க நேரவில்லை. தினமும் உடனிருப்பவர் கண்ணுக்குத்தான் இது முதலில் படும். சோற்றில் மாத்திரையைக் கலந்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். தெரிந்துவிட்டால், "எனக்கு விஷம் வைக்கிறார்கள்" என்ற சந்தேகத்துக்கு நாமே சாட்சி கொடுத்ததாகிவிடும். கைநடுக்கம், உடல் விறைப்பு, எடை கூடுவது என்று மாத்திரை சாப்பிடுபவர் சொல்லும் தொல்லைகளை மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்ற வழி உண்டு.

யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம். வணக்கம்.