"அதுக்கு இப்ப நேரமில்லை"

(கம்பளையில் பெண்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அஸ்ஸலாமு அலைக்கும். மற்றச் சமூகத்துச் சகோதரிகளுக்கு வணக்கம். இந்த மழையிலும் நாவலப்பிட்டியில் இருந்தெல்லாம் வந்திருக்கிறீர்கள், நீட்டிப் பேசமாட்டேன்.

ஒரு நாட்டில் சண்டை ஓய்ந்தால் வீதி போடுவார்கள், பாலம் கட்டுவார்கள், தேர்தல் வைப்பார்கள். பெண்களின் விவாகச் சட்டம் என்று வாய் திறந்தால் மட்டும் "அதுக்கு இப்ப நேரமில்லை" என்பார்கள். சட்டத்தைப் பின்னுக்கு இழுக்க வேண்டுமென்றால் நேரம் தானாக வந்துவிடும். ஈராக்கில் 1959 முதல் சுன்னி, ஷியா எல்லோருக்கும் ஒரே குடும்பச் சட்டம். சதாம் விழுந்த அதே வருடம், 2003 டிசம்பரில், அமெரிக்கா நியமித்த இடைக்கால ஆளுகைச் சபை 137ஆம் இலக்கத் தீர்மானம் போட்டு அதைத் தூக்கப் பார்த்தது. பெண்கள் வீதிக்கு இறங்கினார்கள். இரண்டு மாதத்தில் தீர்மானம் போய்விட்டது. ஆனால் 2005 அரசியலமைப்பின் 41ஆம் உறுப்புரையில், அவரவர் மதப் பிரிவுப்படி குடும்பச் சட்டம் என்று, அதே கதவைத் திறந்து வைத்தார்கள். 2025 ஜனவரியில் அந்த வழியாகவே நாடாளுமன்றம் 1959 சட்டத்தைத் திருத்தியது.

நம்ம இலங்கைக் கதைக்கு வருவோம். போர் முடிந்த 2009இல் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்த நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைத்தார்கள். அறிக்கை கைக்கு வந்தது 2018 ஜனவரியில். ஒரு பிள்ளை பிறந்து நாலாம் வகுப்புக்குப் போகிற காலம்! மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் கண்டிப் பக்கம் திகனயும் அக்குறணையும் எரிந்தன. அடுத்த வருடம் ஈஸ்டர் குண்டுகள். "ஊரே நம்மை அடிக்கும்போது வீட்டு விஷயத்தை வெளியில் பேசலாமா?" என்றார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. எரிந்த கடையைக் கண்ணால் பார்த்தவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள்.

அதற்காக 1951ஆம் ஆண்டின் இந்த விவாகச் சட்டம் நல்லதாகிவிடுமா? அந்தச் சட்டப்படி மாப்பிள்ளை கையெழுத்து வைக்க வேண்டும், பெண்ணின் வலி, அதாவது அவளுடைய ஆண் பொறுப்பாளர், கையெழுத்து வைக்க வேண்டும். மணப்பெண்ணின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவே இல்லை. பன்னிரண்டு வயது நிரம்பாத பிள்ளையின் விவாகத்தையும் காதி, அதாவது முஸ்லிம் விவாக வழக்குகளின் நீதிபதி, அனுமதித்தால் பதியலாம் என்று அதில் எழுதியிருந்தது. காதி ஆணாகத்தான் இருக்க வேண்டும். பஸ்ஹ், அதாவது மனைவி கேட்கும் விவாகரத்து, கேட்டுப் போகிறவள், வீட்டுக்குள் அடிபட்ட கதையை அவர் முன்னால் தானே சொல்ல வேண்டும். அவளுக்காகச் சட்டத்தரணி எழுந்து பேச முடியாது. சமத்துவம் என்று அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சொல்கிறதே என்று கேட்பீர்கள். பழைய சட்டங்கள் முரண்பட்டாலும் செல்லும் என்று 16ஆம் உறுப்புரை அதை மடக்கிவிடுகிறது. யாழ்ப்பாணச் சகோதரிகளே, உங்கள் வழமைச் சட்டமான தேசவழமைப்படி கணவர் சம்மதமில்லாமல் நீங்கள் உங்கள் காணியை விற்க முடியாது. அதையும் காப்பாற்றுவது இதே 16தான்.

"மார்க்கம் இடம் தராது" என்பவர்களிடம் ஒரு கேள்வி. இந்தோனேசியாவும் நம்மைப் போல ஷாபிஈ மத்ஹப்தான், அதே மார்க்கச் சட்டப் பிரிவுதான். அங்கே மார்க்க நீதிமன்றங்களில் பெண் நீதிபதிகள் பல காலமாகத் தீர்ப்புச் சொல்கிறார்கள். மலேசியா 2010இல் ஷரீஆ நீதிமன்றங்களுக்குப் பெண்களை நியமித்தது. மொரோக்கோ 2004இல் பெண்ணின் விவாக வயதைப் பதினெட்டாக்கியது. அவர்கள் ஓதுவதும் இதே குர்ஆன்தானே?

சட்டம் மாறும்போது மாறட்டும். அதுவரை நிகாஹ் நடக்கும் கல்யாண வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர் எவ்வளவு, பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் கைக்கூலி எவ்வளவு என்பதைப் பதிவில் எழுதச் சொல்லுங்கள். சபையில் கேட்க வெட்கப்பட்டு விட்டுவிடுகிறோம், அப்புறம் திருப்பிக் கேட்கப் போனால் கையில் அத்தாட்சி இருப்பதில்லை. பதிவின் பிரதியொன்றை மகளிடமே கொடுத்து வையுங்கள், மருமகனின் அலுமாரியில் வேண்டாம்.

சரி, கேள்விகளைக் கேளுங்கள். எழுந்து பேச விருப்பமில்லாதவர்கள் துண்டில் எழுதி அனுப்பலாம்.