வந்து போகும் படபடப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டியைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 2 முதல் 8 பேருக்குத்தான் இது கண்டறியப்படுகிறது. இவ்வளவு அரிதான நோயைப் பற்றி எல்லோரும் ஏன் கேட்க வேண்டும்? கண்டுபிடித்து அகற்றிவிட்டால் பெரும்பாலானோர் முழுமையாகக் குணமடைகிறார்கள். தெரியாமலே விட்டுவிட்டால் பக்கவாதமோ மாரடைப்போ வரலாம். மருத்துவமனைக்கு வந்து சேரும்போது அறிகுறிகள் அடங்கிப் போயிருப்பதால், முதல் துப்பைக் கொடுக்க வேண்டியவர்கள் நோயாளியும் உடனிருப்பவர்களும்தான்.

இரண்டு சிறுநீரகங்களின் மேலும் ஆளுக்கொன்றாக அட்ரீனல் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அதன் உட்பகுதி அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் சுரக்கிறது. ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடலைத் தயார் செய்பவை இவை. அந்த உட்பகுதியில் எழும் கட்டி, ஆபத்து எதுவும் இல்லாதபோதும் இவற்றை இரத்தத்தில் கொட்டுகிறது. அதனால் வருவதுதான் மற்றதெல்லாம்: மண்டையைப் பிளக்கும் தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, உடல் முழுவதும் கொட்டும் வியர்வை. கைநடுக்கம், குமட்டல், நெஞ்சுவலி, வயிற்றுவலி ஆகியவையும் சேரலாம். தலைவலி, படபடப்பு, வியர்வை மூன்றும் ஒன்றாக வந்தால்தான் இந்த நோய் என்று காத்திருக்க வேண்டாம். பலருக்கு அப்படி வருவதில்லை.

நான் பார்த்த ஒரு பெண்மணி, மனப்பதற்றத்துக்காக நெடுங்காலம் மாத்திரை சாப்பிட்டு வந்தவர். என்ன செய்கிறது என்று கேட்டபோது எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். பக்கத்தில் நின்ற கணவர் குறுக்கிட்டார்: "டாக்டர், அந்த நேரத்தில் இவள் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும். குனிந்து செருப்பு மாட்டும்போதுகூட வந்திருக்கிறது." நோய்க்கு வழிகாட்டியவை அந்த இரண்டு வாக்கியங்கள்தான். மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் உடல்சூட்டில் முகம் சிவக்கும்; இந்த நோயில் பெரும்பாலும் வெளிறிப்போகும். குனிவதும் வயிறு அழுந்துவதும் கட்டியைத் தூண்டிவிடக்கூடும்.

மனப்பதற்றத்துக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை ஏமாற்றக்கூடியது. உயிர் போய்விடுமோ என்ற அச்சம் இதிலும் வரும். ஆனால் கவலைப்பட எதுவும் இல்லாத நேரத்தில், முதலில் உடலில் தொடங்கி, பிறகு பயம் தொற்றிக்கொண்டதாகப் பலர் சொல்கிறார்கள். ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். சில நிமிடங்களிலோ ஒரு மணி நேரத்துக்குள்ளாகவோ தானாக அடங்கும். அடங்கியதும் அசதி. இதை வைத்து மட்டும் எவரும் முடிவுக்கு வந்துவிட முடியாது என்பதும் உண்மை. படபடப்போடு வருபவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இந்தக் கட்டி இருக்காது. இரத்த அழுத்தம் உள்ள ஆயிரம் பேரில்கூட 2 முதல் 6 பேருக்குத்தான் இருக்கும்.

அதனால் நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: தொல்லை வந்திருக்கும் நேரத்திலேயே இரத்த அழுத்தத்தை அளந்துவிடுங்கள். சிலருக்கு அழுத்தம் எப்போதும் உயர்ந்தே இருக்கும். சிலருக்கு அந்தச் சில நிமிடங்களில் மட்டும் உச்சிக்கு ஏறி இறங்கிவிடும். மறுநாள் மருத்துவரிடம் போய் அளந்தால் இயல்பாக இருக்கும். நேரம், அழுத்தம், நாடித்துடிப்பு, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், முகம் எப்படி இருந்தது என்று ஒரு தாளில் குறித்துக் கொடுத்தால், அது ஒரு பரிசோதனை அறிக்கைக்குச் சமமாக மருத்துவருக்கு உதவும். அழுத்தம் மிக உயர்ந்து நெஞ்சுவலியோ பேச்சுக் குழறலோ மூச்சுத்திணறலோ இருந்தால், குறித்துக்கொண்டு உட்காராமல் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்.

வேறு சில சந்தர்ப்பங்களிலும் சந்தேகம் எழ வேண்டும். இளம் வயதிலேயே கடுமையான இரத்த அழுத்தம். மூன்று நான்கு மாத்திரைகளுக்கும் அடங்காத அழுத்தம். மயக்க மருந்து கொடுத்தவுடன் தாறுமாறாக ஏறிய அழுத்தம். மூக்கடைப்பு மாத்திரையோ, வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு ஊசியோ, ஸ்டீராய்டோ எடுத்தபின் வந்த தாக்குதல். சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் படபடப்பு வந்தால், இதே வகைக் கட்டி சிறுநீர்ப்பையில் இருக்கக்கூடும். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் அட்ரீனல் கட்டி தெரிந்தால், ஊசி குத்திச் சதை எடுப்பதற்கு முன் ஹார்மோன் பரிசோதனை கட்டாயம். இதுதான் என்று தெரியாமல் குத்தினால் ஆபத்து.

பரிசோதனை எளிது. அட்ரினலினும் நார்அட்ரினலினும் சிதைந்து உருவாகும் மெட்டாநெஃப்ரின்களை இரத்தத்திலோ 24 மணி நேரம் சேகரித்த சிறுநீரிலோ அளக்கிறார்கள். இரத்தம் எடுப்பதற்கு முன் 20 முதல் 30 நிமிடம் மல்லாந்து படுத்திருப்பது நல்லது. உட்கார்ந்தபடி எடுத்தால் அளவு கூடிக் காட்டி வீண் கலக்கம் வரும். மனச்சோர்வு மாத்திரைகள் சிலவும் முடிவைக் குழப்பும். சாப்பிடும் எல்லா மருந்துகளையும் சொல்லிவிடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். முடிவு தெளிவாக உயர்ந்திருந்தால்தான் கட்டியைத் தேடி ஸ்கேன்.

படபடப்புக்கு வழக்கமாகத் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை இந்த நோயில் முதலில் தனியாகக் கொடுத்தால் அழுத்தம் இன்னும் ஏறிவிடலாம். ஆல்ஃபா பிளாக்கர் மருந்தால் இரத்தக்குழாய்களைத் தளர்த்திய பிறகுதான் அதைச் சேர்ப்பார்கள். அறுவைக்கு முன் 7 முதல் 14 நாள் இந்தத் தயாரிப்பு நடக்கும். நாள் தள்ளுகிறார்களே என்று அவசரப்பட வேண்டாம். அறுவை மேசையில் உயிரைக் காப்பது அந்த நாட்கள்தான்.

1886ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் ஃபெலிக்ஸ் ஃபிராங்கெல் என்ற மருத்துவர், திடீர் திடீரெனப் படபடப்பும் தலைவலியும் வந்து இறந்துபோன 18 வயதுப் பெண்ணின் இரண்டு அட்ரீனல் சுரப்பிகளிலும் கட்டிகள் இருந்ததை எழுதிவைத்தார். அந்தப் பெண்ணுடைய குடும்பத்தின் பின்தலைமுறையினரைப் பரிசோதித்தபோது, ரெட் என்ற மரபணுவில் பரம்பரை மாற்றம் இருந்தது 2007இல் வெளியானது. இந்தக் கட்டி உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு இத்தகைய ஏதோ ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது. ஆகவே கட்டியை எடுத்தவர்கள் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். மாற்றம் தெரிந்தால், அறிகுறியே இல்லாவிட்டாலும் உங்கள் பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஆகியோருக்கும் சொல்லி அழைத்துச் செல்லுங்கள். கட்டி மீண்டும் வரக்கூடும் என்பதால், நீங்களும் ஆண்டுதோறும் மெட்டாநெஃப்ரின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.