கூடுபெட்டியில் சிட்டுக்குருவி

வணக்கம். நியூ ஜெர்சிக்கு வந்த முதல் வசந்தத்தில், வீட்டுப் பின்புறம் புளூபேர்ட் என்ற உள்ளூர் நீலப் பறவைக்காக, அது கூடு கட்ட ஒரு பெட்டி வைத்தேன். வந்து உட்கார்ந்ததோ நம் சிட்டுக்குருவி. தொண்டையில் கறுப்புத் திட்டு, அதே கீச்சுக் கீச்சு. ஊரே வந்துவிட்ட மாதிரி சந்தோஷம். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

அடுத்த வருடம் புளூபேர்ட் ஜோடி வந்தது. நாலு முட்டை, வெளிர் நீலம். ஒருநாள் காலை பெட்டிக் கதவைத் திறந்தால், தாய்ப்பறவை மண்டை கொத்தப்பட்டுச் செத்துக் கிடக்கிறது. அதன் மேலேயே காய்ந்த புல், இறகு, ஒரு துண்டு டிஷ்யூ காகிதம். குருவி புதுக் கூடு கட்டத் தொடங்கிவிட்டது!

குருவியைத் திட்டி என்ன பயன்? 1850களின் தொடக்கத்தில் அதை ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து அமெரிக்காவின் புரூக்ளினில் விட்டது மனிதர்கள்தான். பறவைகளைக் காக்கும் 1918ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின் பாதுகாப்பு இதற்கு இல்லை. அதனால் இதன் முட்டையை எடுக்கலாம். ஆனால் 'ஸ்பேரோ' என்று பெயர் வைத்த உள்ளூர்ப் பறவைகள் நிறைய உண்டு, அவற்றைத் தொட்டால் குற்றம். புள்ளி போட்ட முட்டை என்று மட்டும் பார்த்துக் கை வைக்காதீர்கள், சிக்கடி என்ற சின்ன உள்ளூர்ப் பறவையின் முட்டையிலும் புள்ளி உண்டு. கறுப்புத் தொண்டை ஆண் குருவி பெட்டிக்குள் போய்வருவதைக் கண்ணால் பாருங்கள், அப்புறம் கை வையுங்கள்.

"குருவிக் கூட்டைக் கலைக்கிறியே, பாவமில்லையாடா?" என்று அம்மா கேட்டார். எனக்கும் கை நடுங்கத்தான் செய்தது. கலைத்தால் வேறு வம்பு: ஆண் குருவி கோபத்தில் பக்கத்துப் பெட்டியைச் சூறையாடும். அதனால் இப்போது கூட்டை விட்டுவிட்டு, முட்டைகளை மட்டும் எடுத்து, மரத்தால் செய்த போலி முட்டைகளை வைக்கிறேன். பெண் குருவி அதன்மேல் பொறுமையாக அடைகாக்கிறது. பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது.

பெட்டியின் வாசல் துளை விஷயம். புளூபேர்டுக்கு ஒன்றரை அங்குலத் துளை வேண்டும், அதில் குருவியும் நுழையும். சிக்கடிக்கு 1⅛ அங்குலம் போதும், அதில் குருவி நுழையாது. புளூபேர்ட் முதல் முட்டை இட்டதும் பெட்டி மேல் மினுமினுக்கும் மைலார் பிளாஸ்டிக் பட்டைகளைத் தொங்கவிடுங்கள். குருவி மிரளும், புளூபேர்ட் பழகிக்கொள்ளும்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். பறவைகளுக்கு இரை வைக்கும் ஃபீடர் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். சரி, ஒன்றே ஒன்று: குருவி கூடாமலிருக்க, ரொட்டித் துண்டும் சிறுதானியமும் உடைத்த சோளமும் போடாதீர்கள், குசும்பா விதை போட்டுப் பாருங்கள். வணக்கம்.