பென்சிலும் அழிரப்பரும்

(வெள்ளவத்தையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும், புத்தகப் பையோடு நேரே இங்கே வந்துவிட்ட பிள்ளைகளுக்கும் வணக்கம்.

எழுதுகருவிகளின் வரலாற்றைப் பேசக் கேட்டார்கள். எழுத்தாணியில் தொடங்கிக் கைபேசி வரை வந்தால் யாரும் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு போக முடியாது. அதனால் காலையில் புறக்கோட்டையில் வாங்கிய இரண்டு சாமான்களோடு நின்றுகொள்கிறேன். இது பென்சில், இது அழிரப்பர்.

எழுத்தாணியை அடியோடு விட்டால் மூத்தவர்கள் கோபிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் பனையோலை, சிங்களவர்களிடம் தாளிப்பனை ஓலை. எழுத்தாணி கீறும், அப்புறம் கரியும் எண்ணெயும் தடவித் துடைத்தால் கீறலுக்குள் கறுப்புத் தங்கும். புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்காமல் விட்டார்கள். சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் எது ‘க’, எது ‘க்’ என்பதை இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. கீறியது கீறியதுதான், அழிக்க வழியில்லை.

பென்சில் அங்கேதான் வேறுபடுகிறது. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பொரோடேலில் கிரபைட் என்கிற ஒரு கறுப்புக் கனியம் கிடைத்தது. முதலில் ஆடுகளுக்கு அடையாளம் போடத்தான் உதவியது. அதை ஈயத்தின் ஒரு வகை என்று நினைத்தார்கள். அது கரிதான் என்று ஷீலே என்ற வேதியியலாளர் காட்டியது 1779இல். ஆங்கிலேயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். காரீயம் என்று நாமும் ஈயத்தின் பெயரைத்தானே அதற்கு வைத்திருக்கிறோம்! “பென்சிலைக் கடிக்காதே, ஈயம்” என்று அம்மா சொன்னதில் பாதி அந்தப் பெயரின் வேலை.

பிரான்சுக்குப் போர் காரணமாக ஆங்கிலக் காரீயம் வரவில்லை. 1795இல் கொன்ரே என்பவர், தரம் குறைந்த காரீயத்தை அரைத்துக் களிமண்ணோடு குழைத்துச் சூளையில் சுட்டார். களிமண் கூடினால் கடினம், குறைந்தால் கறுப்பு. பரீட்சைக்கு ‘எச்.பி.’ தேடுகிறீர்களே, அந்தக் கணக்கு இதிலிருந்து வந்ததுதான்.

சரி, நம்முடைய காரீயம்? போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் பாறை வெடிப்புக்குள் நரம்பு நரம்பாக ஓடுகிற, மிகச் சுத்தமான சரக்கு அது. ஒரு காலத்தில் அது கொழும்புக் களஞ்சியங்களுக்கு வந்தது. அங்கே பெரும்பாலும் பெண்கள் உட்கார்ந்து கையாலேயே தரம் பிரித்தார்கள். பீப்பாய்களில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். முதலாவது பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் தகப்பனார் டொன் ஸ்பேட்டர் சேனநாயக்க பணம் சேர்த்தது காரீயத்தில். அந்தப் பெண்கள் வீடு திரும்பும்போது கை, முகம், சேலை எல்லாம் எப்படிப் பளபளத்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

அவ்வளவும் பென்சிலுக்குப் போனது என்று நினைத்துவிடாதீர்கள். செட்டியார் தெருவில் பொன் உருக்கும் மூசை தெரியும் அல்லவா? அதன் பெரிய வடிவத்தில் உருக்கு உருக்குவதற்குத்தான் பெரும்பகுதி போனது. முதலாம் உலகப் போரில் பீரங்கிக்கு உருக்கு வேண்டும், உருக்குக்கு மூசை வேண்டும். வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. போர் முடிந்ததும் சரிந்தது. ஆகவே இந்தப் பென்சிலுக்குள் இருப்பது இலங்கைக் காரீயம் என்று நான் பெருமை பேச மாட்டேன்.

அழிரப்பருக்கு முன்பு பாண் துண்டால் அழித்தார்கள்! 1770இல் பிரீஸ்ட்லி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, ஒரு மரப்பால் கட்டி பென்சில் கோட்டை நன்றாக அழிக்கிறது என்று எழுதினார். ஆங்கிலத்தில் ‘ரப்’ என்றால் தேய்ப்பது. தேய்த்து அழித்ததால்தான் ரப்பர். பஸ் டயருக்கும் பெயர் கொடுத்தது இந்தச் சின்னத் துண்டுதான். 1876இல் பிரேசில் விதையில் முளைத்த ரப்பர் கன்றுகளை இங்கிலாந்து வழியாகக் கொண்டுவந்து கம்பஹாவில் ஹெனரத்கொட தோட்டத்தில் நட்டார்கள். கொழும்பிலிருந்து ரயிலில் போய் ஒரு பகலில் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் என் கையில் இருக்கும் வெள்ளைத் துண்டு பிளாஸ்டிக். பென்சிலில் ஈயமில்லை, அழிரப்பரில் ரப்பரில்லை.

பின்வரிசைத் தம்பி “பேனை?” என்று கேட்கிறார். குமிழ்முனைப் பேனைக்கு 1938இல் காப்புரிமை எடுத்தவர் ஹங்கேரியப் பத்திரிகையாளர் பீரோ. பத்திரிகை அச்சு மை சட்டென்று காய்வதைப் பார்த்து யோசித்தவர். நல்ல பேனைதான் தம்பி. ஆனால் பிழை விட்டால் மறுபடியும் ஓலைக்காலம்தான். குறுக்கே ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும்.